குதிரையை அடித்தவன்

ஏரிச் சாலையில் என் பிரெட் ஆம்லெட் கடைக்கு எதிரேதான் சுந்தரராஜ் குதிரையோடு நிற்பான். சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவன். வருடக்கணக்காக அடுத்தவன் குதிரையைக் கூலிக்கு ஓட்டி, ஒருவழியாகச் சொந்தமாக ஒன்று வாங்கினான். செல்வி என்று பெயர் வைத்தான். வீட்டில் தன்னைக் கூப்பிடும்போதுகூட அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது என்று அவன் பொண்டாட்டி ஞானம்மா கேலி செய்வாள்.

2008 சீசனுக்கு முன்னால் செல்விக்கு வயிற்றுவலி வந்தது. குதிரைக்கு அது வந்தால் படுக்க விடக் கூடாது. படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் பிழைக்காது. சாணம் போடும்வரை நடத்திக்கொண்டே இருக்க வேண்டும், நடக்காவிட்டால் அடித்தாவது. ஏரிக்கரைக் குதிரைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சுந்தரராஜும் அழுதுகொண்டே பிரம்பால் அடித்து, மத்தியானம் வரை நடத்தி அதைக் காப்பாற்றினான்.

அடித்ததை மட்டும் ஒரு டூரிஸ்ட் பையன் செல்போனில் பிடித்து நெட்டில் ஏற்றிவிட்டான். ஆர்குட்டில் அது ஊர் ஊராகச் சுற்றியது. நாயுடுபுரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் மதன்தான் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான். கையை வெட்ட வேண்டும், கட்டி வைத்து உதைக்க வேண்டும் என்று முகம் தெரியாத ஆட்களெல்லாம் எழுதியிருந்தார்கள். சுந்தரராஜ் எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வேறு ஏதும் இல்லையா என்றான்.

சீசனில் அவனைத் தேடியே வந்தார்கள். சில பேர் திட்டிவிட்டுப் போனார்கள், அதுகூடப் பரவாயில்லை. காலேஜ் பிள்ளைகள் அவன் கையில் பிரம்பைக் கொடுத்து, ஓங்குவது மாதிரி நில்லுங்க அண்ணே, ஒரு போட்டோ என்றார்கள். அவனும் ஓங்கிக்கொண்டு நின்றான். சவாரிக்கு மட்டும் ஒருத்தரும் ஏறவில்லை. இன்னொரு வீடியோ வந்தால் ஏரிப் பக்கமே நிற்கக் கூடாது என்று மற்ற குதிரைக்காரர்கள் கூடிச் சொல்லிவிட்டார்கள். அதற்கும் சரி என்றான். திட்டினாலும் டீ குடிக்கிறாயா என்று கேட்டாலும் அவன் முகம் ஒரே மாதிரிதான் இருந்தது.

தீபாவளி லீவுக் கூட்டத்தில் செல்விக்கு மறுபடி வலி கண்டது. நடுரோட்டில் நின்று வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, முன்னங்கால் மடங்கப் போனது. பக்கத்துக் குதிரைக்காரர் ஞானவேல் ஓடி வந்தார்.

"ஏலே, அடிச்சுக் கெளப்புலே. படுத்துச்சுன்னா போச்சு."

சுந்தரராஜ் சுற்றிலும் பார்த்தான். நாலா பக்கமும் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பாத்துக்கிட்டு இருக்காங்கண்ணே" என்றான்.

அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி, நானும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அடிக்காமல் அது அசையுமா? அவன் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தபடி, நட தாயி, நட தாயி என்று காதில் சொல்லிக்கொண்டிருந்தான். செல்வி படுத்தது, புரண்டது. மாட்டு டாக்டர் வந்து சேர்ந்தபோது வயிறு உப்பி, மூச்சு நின்றிருந்தது.

கூட்டம் கலைகிற நேரத்தில் ஒரு அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடம் வந்தார்.

"கடைசி வரைக்கும் ஒரு அடிகூட அடிக்கல. எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு."

"சரிங்கம்மா" என்றான் சுந்தரராஜ்.