ஒரு மாதச் சுண்ணாம்புக் கோடு

ஆசீர்வாதத்துக்கும் அவன் தங்கை விக்டோரியாவுக்கும் சின்ன வயதில் ஒரே வாரத்தில் அம்மை போட்டது. உயிரை மட்டும் விட்டுவைத்துப் பார்வையில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டு போனது. வெளிச்சம் தெரியும், வெள்ளை தெரியும், மற்றதெல்லாம் புகை. அந்தப் புகையோடுதான் இருவரும் தினமும் ரயிலேறித் திருவள்ளூர் போய், காக்களூர்ப் பட்டறையில் அட்டைப்பெட்டி மடித்தார்கள்.

அவர்கள் ஏறுகிற சின்ன ஸ்டேஷனில் ஒரு வழக்கம் உண்டு. புரட்டாசியில் பெரிய அதிகாரி சோதனைக்கு வருவார். அதற்கு முதல் நாள் பிளாட்பார விளிம்பு முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அந்த ஒரு மாதம் அண்ணனும் தங்கையும் கைவீசி நடப்பார்கள். மழை பெய்ததும் கோடு போய்விடும். மறுபடி காலால் தடவித்தான் நிற்க வேண்டும். கண் மங்கினவர்களுக்கா அடித்தார்கள், அதிகாரியின் நல்ல கண்ணுக்கல்லவா அடித்தார்கள்.

1968-இல் ஆசீர்வாதம் ஒரு மனு எழுதவைத்தான். மாதாமாதம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அவ்வளவுதான். மாதா கோயிலிலும் பட்டறை வாசலிலும் நின்று அறுபது கையெழுத்து வாங்கினான். ஒன்றரை வருடம் பதிலில்லை. கடைசியில், சோதனை நாளன்று அதிகாரியை நேரில் பார்க்கச் சொல்லிக் கடிதம் வந்தது.

சோதனை நாள் என்றால் சொல்ல வேண்டுமா? விளிம்பு பளிச்சென்று வெளுத்திருந்தது. அதிகாரி மனுவைப் பார்த்தார், கீழே பார்த்தார்.

"கோடு இருக்கே. உனக்குத் தெரியுதா?"

பொய் பேசிப் பழகாத வாய். "தெரியுதுங்க" என்றான். மழை வந்தால் போய்விடும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் எதையோ எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்.

"இன்னாண்ணா சொன்னாரு?" என்று கேட்டாள் விக்டோரியா.

"எழுதிக்கினு போயிருக்காரும்மா. செய்வாங்க."

ஐப்பசி மழையில் கோடு கரைந்தது. கார்த்திகையில் ஒருநாள் ஆசீர்வாதம் காய்ச்சலில் படுத்துவிட, விக்டோரியா தனியாகப் போனாள். ரயில் சத்தம் கேட்டு இரண்டடி முன்னால் வைத்தாள். அங்கே பிளாட்பாரம் இல்லை. பாவி மகள், கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கைக் கடைசிவரை விடவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் பழைய மனுவைப் புரட்டினார்கள். கோடு நன்றாகத் தெரிவதாக மனுதாரரே ஒப்புக்கொண்டார் என்று அதில் எழுதியிருந்தது. அதை அவனுக்கே வாசித்துக் காட்டினார்கள்.

அதற்கப்புறம் மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் சுண்ணாம்பு வாளியோடு ஸ்டேஷனுக்கு வந்துவிடுவான். மண்டியிட்டு, இடது கையால் விளிம்பைத் தடவித் தடவி, வலது கையால் அடிப்பான். போர்ட்டர் சடையப்பன் முதலில் விரட்டினான். பிறகு கண்டுகொள்ளாமல் இருந்தான். ஆறாவது வருடம் மனசு கேட்காமல் வாளியைப் பிடித்து நிறுத்தினான்.

"போதும்பா ஆசீர்வாதம். உன் தங்கச்சியே பூட்சு. இன்னும் யாருக்கு அடிச்சிக்கினு கீற?"

"அன்னிக்கி நீயும் இங்கதானே இருந்தே, சடையப்பா. தெரியுதுன்னு நான்தான் சொன்னேன். மழை வந்தா தெரியாதுன்னு சொல்லாம உட்டுட்டேன்."

ஆசீர்வாதம் வாளியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த அடிக்கு நகர்ந்தான்.