உப்பில்லாத கஞ்சி

அக்கா வீட்டு அடுக்களையில் கல்லுப்பு போட்டு வைக்க ஒரு பீங்கான் ஜாடி உண்டு. அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அக்கா அதைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள். அவருக்கு ஆகாதது வீட்டில் யாருக்குமே வேண்டாம் என்றாள்.

அத்தானுக்கு விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் வேலை. பஞ்சுத் தூசியில் கிடந்தவருக்கு நெஞ்சில்தான் ஏதாவது வரும் என்று நினைத்திருந்தோம், வந்தது ரத்தத்தில். வெள்ளை அணுக்கள் கண்டபடி பெருகிவிட்டன என்றார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அது. திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருந்து ஏற்றியதும் அணுக்கள் மளமளவென்று குறைந்தன. அக்கா முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு தெளிவு வந்தது. அப்போதுதான் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, "மருந்து நல்லாக் கேக்குது. ஆனா ரத்தத்தில உப்பு கூடுது, கிட்னி கழிக்கத் திணறுது. நெறைய தண்ணி குடுங்க" என்றார். எங்களுக்கு உப்பு என்றால் ஒன்றுதான்.

அன்றிலிருந்து கஞ்சி உப்பில்லாமல் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அத்தான் என்னைப் பார்த்தார். "ஏ மாப்ள, இது குடிக்கதுக்கா, இல்ல ஒங்கக்கா சேலைக்குப் போடக் காச்சுனதா?"

"சும்மா குடிங்க. வீட்டுக்கு வாங்க, கருவாட்டுக் கொழம்பே வச்சுத் தாரேன்" என்றாள் அக்கா.

கஞ்சியில் வைத்த குறையை அவள் இளநீரில் தீர்த்தாள். மருந்துச் சூட்டுக்குக் குளிர்ச்சி, தண்ணீருக்குத் தண்ணீர், உப்பும் கிடையாது. மில் கூட்டாளிகள் பஸ்ஸில் குலையோடு வந்து, "குடியும் வே, சூடு எறங்கட்டும்" என்று சீவி நீட்டினார்கள். அதை மட்டும் அத்தான் முகம் சுளிக்காமல் குடித்தார். ஒருநாள் காலையில், "காலு ரெண்டும் எங்கிட்ட இல்லாத மாதிரி இருக்கு மாப்ள, பைய அமுக்கி விடுங்க" என்றார். அமுக்கினேன். தொய்ந்து கிடந்தன.

பார்க்க வந்த நர்ஸின் காலில் கட்டிலுக்கு அடியில் கிடந்த இளநீர்க் கூடு தட்டுப்பட்டது.

"யாரு இளநி குடுத்தது?"

"நாந்தான். அதுல உப்பே கெடையாதுல்லா?"

"ஐயோ அக்கா, டாக்டர் சொன்னது அந்த உப்பு இல்ல. பொட்டாசியம்னு ஒண்ணு. கெட்ட அணு சாகும்போது வெளிய வாரது. இளநியிலயும் அதான் கெடக்கு. கூடுனா நெஞ்சையே நிறுத்திரும்."

சொல்லிக்கொண்டே டாக்டரை அழைக்க ஓடினாள். ஊசிகள் போட்டார்கள். மதியத்துக்குள் அத்தானின் நெஞ்சு நின்றது.

கிட்னி முன்பே கெட்டுவிட்டது, இளநீர் கொடுக்காவிட்டாலும் இப்படி ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர்.

"அப்ப, ஆகாமலும் இருந்திருக்கலாம்லா?" என்று அக்கா கேட்டாள்.

வீட்டில் வாய்க்கரிசி போடும் முன் அக்கா பரணிலிருந்த ஜாடியை இறக்கச் சொன்னாள். அரிசியோடு ஒரு கல் உப்பையும் சேர்த்து அவர் வாயில் போட்டாள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் தடுக்கவில்லை.

போன மாதம் அக்காவுக்குத் தலை சுற்றல் என்று கூட்டிப் போயிருந்தேன். பிரஷர் இருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்றார் அந்த இளம் டாக்டர்.

"எந்த உப்பு?" என்றாள் அக்கா.

"சாப்பாட்டு உப்புதாம்மா, வேற எந்த உப்பு?" என்று அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஜாடியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தத் தடவ இதுதானாம்லே. பரண்ல வச்சிரு."