காய்வதற்குள்

தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டே வெர்லின் மீனை நிறுத்துப் போடுகிறாள். உதட்டில் நீலம் ஒட்டியிருந்தால் அன்று படகில் படம் போட்டிருக்கிறாள் என்று பொருள். எங்கள் மீனவ ஊரான குவாவேயின் சந்தையில் மீன் வாங்க வருகிறவர்கள் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். படம் நன்றாக வந்திருந்தால் பாட்டுக் கேட்கும், கொசுறாக இரண்டு பறவைக்கோலா மீன் விழும். வராவிட்டால் மீன் வெட்டும் கத்தியின் சத்தம் மட்டும்தான். அன்றைக்கு யாரும் பேரம் பேசுவதில்லை.

கெட்டுப்போன படங்களில்தான் மீனைச் சுற்றித் தருவாள். பருத்தித் தாள், ஈரத்தை நன்றாக உறிஞ்சும். அப்படி வந்தவற்றில் பதினான்கை என் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். வாடை தாங்காமல் என் மனைவி அந்த அறைக்கே வருவதில்லை.

அவள் வரைவது டொராடோ என்ற ஒரே மீனை. கடையில் கிடக்கும்போது அது வெறும் சாம்பல் நிறம். படகில் ஏறும்போது பச்சையும் பொன்னும் நீலமுமாக மின்னும், உயிர் போகிற சில நிமிடங்களில் எல்லாம் வடிந்துவிடும் என்பாள். பள்ளிக்கூடத்து வாத்தியாரான நான் படகுத்துறையில் நின்றாலே தலை சுற்றுகிறவன். நான் எங்கே பார்த்தேன்? என்னைப் போன்ற கரைவாசிகள் அவள் அளக்கிறாள் என்று சிரிப்போம்.

அந்த நிறத்தைக் கரைக்குக் கொண்டுவரத்தான் பதினோரு வருடமாகத் தம்பி காஸ்மஸின் படகில், வாந்தி எடுத்தபடியே போய்வருகிறாள். மடியில் பலகை, முழங்கால்களுக்கு நடுவே தண்ணீர்ப் போத்தல். ஆனால் நீர்வண்ணமும் அந்த மீனின் ஜாதிதான். ஈரமாக இருக்கும்வரை ஜொலிக்கும், காயக்காய வெளுக்கும். நடுக்கடலில் கும்மாளம் போட்டவள் பெரும்பாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கரையில் இறங்குவாள். எண்ணெய்ச் சாயத்தில் போட்டால் என்ன என்று தம்பி ஒருமுறை கேட்டான்.

"அது காயறதுக்குள்ள நாம செத்துடுவோம்டா."

போன வியாழக்கிழமை படகு வருவதைச் சொல்லும் சங்கொலி கேட்டுக் கடற்கரைக்குப் போனேன். அவள் தாளை இரண்டு கையிலும் ஏந்தி, ததும்பும் பால் கிண்ணத்தோடு நடப்பதுபோல் இறங்கினாள். படம் காய்ந்திருந்தது. காய்ந்தும் நிறம் நின்றிருந்தது! சனிக்கிழமை நூலகத்தில் கண்காட்சி. மூன்று வருடமாக அவளுக்கென்று ஒரு சுவரைக் காலியாக விடுகிறார்கள், அவளும் அடுத்த வருடம் என்றே சொல்லிவந்தாள். இந்தத் தடவை சுவர் நிரம்பிவிட்டது என்று நினைத்தேன். இவ்வளவு அழகா இந்த மீன் என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன்.

அவள் தலையை ஆட்டினாள். "இது பாதிதான் சார்."

பாதியே போதும், கண்ணாடி போட்டு மாட்டு என்றான் காஸ்மஸ். அவள் படத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நீங்க படகேற மாட்டீங்க. இங்கயே பாத்துக்குங்க."

குனிந்து ஒரு கை கடல்நீரை அள்ளித் தாளின்மேல் ஊற்றினாள். காஸ்மஸ் பதறிக் கையை நீட்டினான். அதற்குள் மீன் விழித்துக்கொண்டது. முதுகில் நீலம் பற்றியது, விலாவில் பொன் ஓடியது, வால்வரை பச்சை சிலிர்த்தது. இப்படி ஒன்று தினமும் கடலுக்குள் ஓடிக்கொண்டிருக்க, நான் சாம்பலை வாங்கித் தின்றிருக்கிறேன். பிறகு ஓரங்கள் கலங்கின. பொன் பச்சையில் கரைந்து, தாளின் விளிம்பிலிருந்து மணலில் சொட்டியது.

வெர்லின் தாளைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.