அத்தையின் காக்கிச் சேலை

எங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போனவர் ஒருவர்தான். அதை வெளியே மூச்சுவிடக் கூடாது. ஏனென்றால் போனது அத்தை, அப்பாவின் அக்கா.

உலகப் போரின்போது மெட்ராஸில் பெண்கள் துணைப்படையில் தானாகப் போய்ச் சேர்ந்து, இரண்டு வருடம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள். பட்டாளத்துக்குப் போன பெண்ணை ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன பேசும் என்று தெரிந்ததால், அவள் டீச்சராக இருந்ததாக வீட்டில் கதை கட்டியிருந்தார்கள். அப்படியும் அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. நிஜத்தை அவள் வாய்விட்டுச் சொன்னது ஏழு வயதான என்னிடம் மட்டும்தான். அம்மா கண்ணயரும் மதியங்களில் டிரங்குப் பெட்டியைத் திறந்து யூனிபார்ம் சேலையைக் காட்டுவாள். சல்யூட் அடிக்கவும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அந்த ஆடிப்பூரத்தன்று ராஜபாளையத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆடியில் பெண் பார்க்கக் கூடாது. அதனால் ஆண்டாள் தேர் பார்க்க வந்ததாகப் பேர். தெருவில் அத்தனை சிறுமிகளுக்கும் ஆண்டாள் வேஷம். அக்காவைச் சிங்காரிக்கும் அவசரத்தில் என்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரம். பெட்டியிலிருந்த காக்கிச் சேலையைச் சுற்றிக்கொண்டு, வந்தவர்கள் முன்னால் போய் சல்யூட் அடித்தேன்.

"ஏட்டி, என்ன கோலம் இது?" என்று பதறினாள் அம்மா.

"அத்தை பட்டாளத்துல கட்டுன சேலை."

மாப்பிள்ளையின் தாயார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அத்தைதான் சிரித்தாள்.

"எஞ்சேலை இல்லம்மா. மெட்ராஸ்ல பக்கத்து ரூம்ல இருந்தவ விட்டுட்டுப் போனது. அந்த மாதிரிப் பொம்பளைகளோட நமக்கென்ன பேச்சு?"

"நீங்கதான சொன்னீக!" என்று கத்தினேன்.

"பிள்ள பொய் சொல்லுதா," என்றாள் அத்தை.

சம்பந்தம் முடிவாயிற்று. மறுநாள் அத்தை அந்தச் சேலையைத் தன் கையாலேயே துண்டு துண்டாகக் கிழித்தாள். "தடிச்ச துணி, கை சுடாது," என்று அடுப்படியில் வைத்தாள். சோற்றுப் பானை இறக்க அம்மாவுக்கு அது வெகுநாள் உதவியது.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாளே என்று மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் அவளே வந்தாள்.

"எம்மேலதான் தப்பு. மன்னிச்சுக்கட்டி."

பெரிய மனது பண்ணி மன்னித்தேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அப்படியானால் டெலிபோன் கதை ஒன்று சொல்லுங்கள் என்று மடியில் ஏறி உட்கார்ந்தேன்.

"எம்புட்டோ வருசம் ஆச்சு. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல," என்றாள்.

மூன்றே நாளில் அத்தனையும் எப்படி மறந்துபோகும் என்றுதான் எனக்குப் புரியவில்லை.