கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொன்னாலே, நாயைப் பிள்ளையாக வளர்த்தார்கள் என்று ஊரில் முடித்துவிடுவார்கள். அப்படியில்லை. அவன் நாயாகத்தான் இருந்தான். என் கணவர் வேலை செய்யும் தோல் தொழிற்சாலை வாசலில் குட்டியாகக் கிடந்தவன். ஆம்பூரில் எங்கள் வீட்டு வாசலில் பதினோரு வருஷம் படுத்திருந்தான்.

போன வருஷம் மழைக்காலத்தில் இருமத் தொடங்கினான். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல ஒரு வறட்டு இருமல். வேலூருக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "இதயம் பெருசாயிடுச்சு. நுரையீரல்ல தண்ணி கோக்குது. குணமாவாதும்மா. ஆனா மாத்திரை குடுத்தா மூச்சு வாங்காம வச்சிக்கலாம். ஒரு வேளகூட விடாதீங்க. பிஸ்கெட்டு மட்டும் குடுத்துடாதீங்க, உப்பு ஆவாது" என்றார்.

நான் தைக்கப் போகும் ஷூ கம்பெனியின் பஸ் ஏழு மணிக்கு வந்துவிடும். அதற்கு முன்பே மாத்திரையை இட்லியில் பொதிந்து கொடுப்பேன். சாயங்காலம் வந்ததும் மறுபடியும். அவன் வாலை ஆட்டிக்கொண்டு வாங்கி, மென்று, என் கையையும் நக்கிவிட்டுப் போவான். எவ்வளவு சமர்த்து என்று லைனில் என் பக்கத்து மெஷின்காரியிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பத்து நாளில் வயிறு உப்பிவிட்டது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினான். திரும்பவும் வேலூர்.

"ஒண்ணுக்கு ஜாஸ்தி போறானா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்களே, எப்பவும்போலத்தான்."

அவர் என்னையே பார்த்தார். "தண்ணி மாத்திரை உள்ள போனா போவாம இருக்க முடியாதும்மா."

ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் தேடினேன். அடுப்படியில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் கிடந்தன. ஊறி, வெளுத்து, பதினாறு மாத்திரைகள். எறும்புகூடத் தொடவில்லை. இட்லியை விழுங்கிவிட்டு மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, என் கையை நக்கிவிட்டு, அங்கே போய்த் துப்பியிருக்கிறான். தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவன் பக்கத்தில் வந்து நின்று, மூச்சு வாங்க வாங்க என்னைப் பார்த்தான்.

அன்றிலிருந்து கணவர் வாயைப் பிளந்து பிடிப்பார். நான் விரலை நாக்கின் அடிவரை விட்டு மாத்திரையைப் போட்டு, வாயை மூடித் தொண்டையைத் தடவுவேன். விழுங்கும்வரை விடமாட்டோம். ஒருமுறைகூட அவன் கடிக்கவில்லை. கடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இருமல் குறைந்தது. காலை நீட்டிப் படுத்துத் தூங்கினான். ஆனால் என் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து கட்டிலுக்கடியில் போய்விடுவான். வீட்டுக்குள்ளேயே அடக்க முடியாமல் மூத்திரம் போய்விட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பான். "பரவால்லடா" என்று நான் துணியை எடுத்தாலும் பின்வாங்குவான்.

இப்படி இரண்டு மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூச்சு வயிற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் மாத்திரையைப் பிரித்தேன்.

"இன்னிக்கு ஒரு நாளு விட்டுடேன்" என்றார் கணவர்.

"ஒரு வேளகூட விடக்கூடாதுன்னாங்களே."

அவர் வந்து அவன் தலைமாட்டில் உட்கார்ந்தார். பிடிக்கவே தேவைப்படவில்லை. வாயைத் தொட்டதும் அவனே திறந்தான். விழுங்கினான். பிறகு மெல்ல எழுந்து, என் மடிக்கு வராமல், வாசற்படிக்குப் போய்த் தரையில் தலையை வைத்தான். பத்து மணிக்குள் போய்விட்டான்.

பாலாற்று ஓரமாகக் கணவரே குழி வெட்டினார். மறுநாள் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். "அந்த மாத்திரையால ஒண்ணும் ஆவலம்மா. நீங்க செஞ்சது சரிதான்" என்றார். நம்புகிறேன். டாக்டரம்மா வேண்டாமென்றதிலிருந்து அவன் தினமும் கேட்டு அழுத பிஸ்கெட் டப்பாவில் அன்றைக்கு நாலு பிஸ்கெட் இருந்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கலாம்.