நாங்கள் எல்லாம் நல்ல வாய்க்காரிகள்

போன வாரம் பேரனைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கதவைத் திறந்ததும் கிராம்பு வாசனை. அவனுக்குப் பயம், எனக்குச் சிரிப்பு. அந்த வாசனை என்னை நேராக இரணியல் பக்கத்து அண்டியாபீசில் கொண்டு உட்கார வைத்துவிட்டது. முந்திரிப் பருப்பு ஆலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்.

கல்யாணமான புதிது. தோலுரிக்கும் வரிசையில் எனக்குப் பக்கத்தில் தங்கம். அவள் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலை, புகையிலை, ரெண்டு கிராம்பு எப்போதும் இருக்கும். பல் வலித்தால் அந்தப் பக்கம் புகையிலையை ஒதுக்குவோம், மரத்துப்போகும். வலி தெரியாவிட்டால் நல்ல வாய். நான் இடப்பக்கம் சோறு மென்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதைக் குறையாகவே நினைக்கவில்லை, பாருங்கள்!

தங்கத்துக்கு ஒற்றைத் தலைவலி. மண்டைக்காட்டு அம்மைக்கு மண்டையப்பம் நேர்ந்திருந்தாள். தலைவலிக்கு அங்கே அதுதானே நேர்ச்சை. ஒருநாள் அவள் வாய்விட்டுச் சிரித்தபோது, புகையிலை ஒதுக்கும் கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்தேன்.

"ஏட்டி, அது என்ன வெள்ளையா?"

"வெத்தில போடுதவளுக்குச் சுண்ணாம்பு ஒட்டாதா? எனக்கு நோவு மண்டையிலயாக்கும்."

அந்த மாசமே ஆலைக்குப் பல் முகாம் வந்தது. டாக்டரம்மா ஒவ்வொருத்தியிடமும் வாய் எப்படி என்று கேட்டார். எல்லோரும் "நல்லாயிருக்கு" என்றார்கள். தங்கமும் சொன்னாள், நானும் சொன்னேன். இத்தனை நல்ல வாய்க்காரிகள் நடுவில் ஒருத்தி மட்டும் எப்படிச் சீக்குக்காரி ஆவது?

வாசல்வரை வந்த எனக்குத் தங்கத்தின் வெள்ளைத் திட்டு ஞாபகம் வந்தது, அதற்குமேல் கால் நகரவில்லை. அம்மைதான் பிடித்து நிறுத்தினாள் என்று இன்றும் நம்புகிறேன். தங்கத்தின் கையை இழுத்துக்கொண்டு திரும்பினேன்.

"டாக்டரே, நான் சொன்னது பொய்யி. எனக்க வாய் நல்லால்ல. இவளுக்கதும் நல்லால்ல."

"ஒனக்க பல்லு புழுத்தா அத நீ சொல்லுட்டி! எனக்க வாய எதுக்கு இழுக்க?" என்று கத்தினாள் தங்கம். வரிசையே சிரித்தது. நான் அத்தனை பேர் முன்னாலும் ஆவென்று திறந்தேன். பிறகு அவளும் முறைத்துக்கொண்டே திறந்தாள்.

எனக்கு மூன்று பல் போனது. அவளுக்கு, தலைவலி தந்த சொத்தைப் பல்லைப் பிடுங்கி, ஆஸ்பத்திரியில் அந்தத் திட்டையும் வெட்டி எடுத்தார்கள். விட்டிருந்தால் புற்றாகியிருக்குமாம். ஐந்தாம் வகுப்புக்காரி நான். பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு இந்த ஒரு காரியம் போதும்.

அண்டியாபீஸ் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அம்மையின் கொடைத் திருவிழாவுக்கு வருஷாவருஷம் தங்கம் வருவாள், சேர்ந்தே மண்டையப்பம் படைப்போம். அவள் இடுப்பில் சுருக்குப்பை இல்லை. நான் கேட்காமலே கன்னத்தை ஒதுக்கிக் காட்டுவாள். அந்த வெள்ளைத் திட்டும் இல்லை.