இருநூறு ஜிஎஸ்எம் துணி

ரோடு வேலையில் சூப்பர்வைசராகத் தலை நரைத்த பிறகு நான் அடித்த கூத்து இது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டில் ஈஸ்வரியம்மாவின் பனியன் கம்பெனி. கேட்டிலிருந்து குடோன் வரை நூறடிப் பாதை போட வேண்டும், அத்தனையும் மழையில் ஊறிய கரிசல் மண். வெறும் ஜல்லி கொட்டினால் அது உள்ளே போகும், சேறு மேலே வரும். அதனால் மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில் ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணியை விரிக்க வேண்டும். அது தண்ணீரை விடும், சேற்றை விடாது. வெள்ளிக்கிழமை ஏற்றுமதிச் சரக்கை ஏற்றக் கன்டெய்னர் வருகிறது. அது குடோனுக்கு வராவிட்டால் கப்பல் போய்விடும். சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியதுதான். அந்தம்மாவின் ஒரு வருஷ உழைப்பு அதிலேயே கரைந்துவிடும்.

சாமான் வாங்கித் தருவது அவர் பொறுப்பு என்பதால் செவ்வாய்க்கிழமை போன் செய்தேன். "அம்மா, இருநூறு ஜிஎஸ்எம் ஃபேப்ரிக் வேணுமுங்க. ரோலா எடுத்து வைங்க." ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு.

"அவ்வளவுதானுங்களா? காலைல விரிச்சே வச்சிடறனுங்க."

என்ன சுறுசுறுப்பு என்று மெச்சிக்கொண்டு தூங்கப் போனேன்.

புதன்கிழமை போய்ப் பார்த்தால் நூறடிக்கும் ரோஸ் கலர் பனியன் துணி! முதல் டிப்பர் அதன்மேல் ஏறி, பாதிச் சக்கரம் சேற்றில் முங்கி நின்றது.

"ஐயோ, என்னங்கம்மா இது?"

"ஏனுங்க, நீங்க கேட்டதுதானுங்க! வெட்டி எடை போட்டே பாத்தனுங்க. ஷேடு மாறுன ரிஜெக்ட் ரோலுங்க, ஆனா இருநூறு ஜிஎஸ்எம் கரெக்டுங்க."

திருப்பூரில் ஃபேப்ரிக் என்றால் வேறு என்ன நினைப்பார்கள்? தப்பு என் வாயில்தான்.

"இது இழுத்தா நீளுமுங்க. பருத்தி வேற, மண்ணுல மக்கிரும்" என்றேன்.

"நீளக் கூடாது, மக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தா நான் இதை விரிச்சிருப்பனுங்களா? துணி நீளறது எனக்குத் தெரியாதுங்களா?" என்றவர், சட்டென்று முங்கி நின்ற டிப்பரைப் பார்த்து, "அப்ப வெள்ளிக்கிழமை?" என்று கேட்டார்.

பொக்லைன் வைத்து டிப்பரை இழுத்தோம். துணியைச் சுருட்டி எடுத்தோம். கோயம்புத்தூரிலிருந்து சரியான ரோல் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. வியாழக்கிழமை விரிக்க ஆரம்பித்தால் என் ஆட்கள் கோணல்மாணலாக இழுத்தார்கள்.

"நவுருங்க சாமி" என்று ஈஸ்வரியம்மா கட்டிங் செக்ஷன் ஆட்களைக் கூட்டிவந்தார். டேபிளில் துணி விரித்துப் பழகிய கைகள்! ஒரு ரோல்மேல் அடுத்தது இரண்டடி ஏற, சுருக்கமே இல்லாமல் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். டிப்பர் துணியை மிதிக்காமல், கொட்டிய ஜல்லிமேலேயே பின்னோக்கி வந்து கொட்டியது. ஒரு அடி கனம். ரோலர் ஓட்டி முடித்தோம்.

வெள்ளிக்கிழமை லோடு ஏற்றிய கன்டெய்னர் குடோனிலிருந்து கிளம்பியது. ஈஸ்வரியம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்தபடி கூடவே நடந்தார். ஜல்லி நறநறத்தது, அவ்வளவுதான்.

"போயிருச்சுங்க!" என்று கத்திக் கை தட்டினார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அதிலிருந்து எந்தச் சாமானுக்கும் பேரை அப்புறம்தான் சொல்கிறேன். அது என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன். எதிரில் இருப்பவர் நம்மைவிட விவரம் தெரிந்தவராக இருக்கலாம்.

அடுத்த மாதம் ஒரு பார்சல் வந்தது. விரிக்காமல் மிச்சமிருந்த ரோலில் தைத்த எட்டு ரோஸ் கலர் பனியன்கள், எங்கள் ஆட்கள் எட்டுப் பேருக்கும். கழுத்து லேபிளில் அச்சடித்திருந்தது: "200 ஜிஎஸ்எம். ரோட்டுக்கு ஆகாது."